‘கை நிற்கவில்லை’: கொலை எப்போதாவது நியாயமாகுமா?

தம்பி, சென்ற வாரம் கோயில் மண்டபத்தில் பட்டிமன்றப் பயிற்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். “ஐயா, ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கொல்வது எப்போதாவது அறமாகுமா? ‘தன்னுயிர் நீப்பினும் செய்யற்க’ என்று சொன்ன வள்ளுவரே ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்’ என்றும் சொல்கிறாரே, இதில் எதை எடுத்துக்கொள்வது?” என்றாய். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பதிலுக்குக் காத்திராமல் ஓடியும்விட்டாய். போனது நல்லதுதான். நின்றபடி பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருடம் நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கூண்டில் நிற்கிறவன் சொல்வதை நீதிபதிக்கும், நீதிபதி சொல்வதைக் கூண்டில் நிற்கிறவனுக்கும் எடுத்துச் சொல்வது என் வேலை. கொலை வழக்குகளில் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள்தான் என் பக்கத்தில் நின்றார்கள். ஆகவே புத்தகத்தில் படித்ததைவிட, வாய்விட்டுச் சொல்லக் கேட்டதையே அதிகமாகச் சொல்லப்போகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகும், ஒரே ஒரு இடத்தில் ஆகும். உயிரை எடுக்க ஒருவன் வருகிறான், அந்த நொடியில் அவனைத் தடுக்க வேறு வழி கிடையாது என்றால், தடுக்கிற அடியில் அவன் இறந்துபோனாலும் அது அறத்துக்கு விரோதமில்லை. அவன் கை ஓய்ந்த பிறகு, அவனைக் கட்டிப்போட்ட பிறகு, பூட்டிய அறைக்குள் வைத்த பிறகு கொல்வது ஆகாது. கொல்கிறவர் அரசாங்கமாக இருந்தாலும் சரி, அடிமைப்பட்டுக் கிடந்தவனாக இருந்தாலும் சரி.

இது சொல்ல எளிது. எவ்வளவு கடினமானது என்று எனக்குக் காட்டியவர் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர். ஊரும் பேரும் வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. கைக்குழந்தையோடு அவள் தகப்பன் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு நாள் முற்பகல், பாலைக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு இவர் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்புகிறார். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு மருமகன் பாராங் கத்தியோடு வந்து சமையல்கட்டுக் கதவை வெட்டிக்கொண்டிருக்கிறான். உள்ளே மகளும் குழந்தையும். பலகைக் கதவு, இரண்டு பலகை ஏற்கெனவே பிளந்தாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் இன்னும் வேலைக்காட்டில் இருக்கிறார்கள். போலீஸ் நிலையம் பல மைல் தள்ளி, டவுனில். இவர் தோளில் காண்டாக் கம்பு இருக்கிறது, இரு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தூக்குகிற கம்பு. ஓங்கி ஒரு அடி. அது மருமகனின் தோளில் விழுந்து, பாராங் கீழே விழுந்தது. இரண்டாவது அடி தலையில். மூன்றாவதும் தலையில்.

அந்தக் கம்பு, எண் எழுதிய அட்டையோடு, பத்து நாளுக்கு மேல் நீதிமன்ற மேசையில் என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இரு முனையிலும் வாளிக் கொக்கி தேய்த்துத் தேய்த்து உண்டான பள்ளம். பள்ளத்துக்குள் காய்ந்த பால் கறுத்துப்போய் ஒட்டியிருந்தது. நடுப்பகுதி தோள் பட்டுப் பட்டு வழவழவென்று மின்னியது. எத்தனை வருடம் சுமந்தாரோ. எங்கள் அப்பாவும் அப்படி ஒரு கம்பைத்தான் சுமந்தார் என்பதால் அதைப் பார்க்காமல் இருக்க எனக்கு முடியவில்லை.

அரசாங்க வழக்கறிஞர் கேட்டார்: “பாராங் கீழே விழுந்ததைப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன்.”

“பார்த்த பிறகும் ஏன் அடித்தீர்கள்?”

வெகு நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: “கை நிற்கவில்லை ஐயா.”

நான் வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டேன். ‘கையை நிறுத்த முடியவில்லை’ என்று மலாயில் சொன்னால் அது ஒரு வழக்கு. ‘கையை நிறுத்தவில்லை’ என்று சொன்னால் அது வேறு வழக்கு. தமிழில் அவர் சொன்னது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே கையே எழுவாய், அவர் அதில் இல்லை. நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் தலையெழுத்தில் கை வைத்தவனாவேன். நீதிபதியிடம் விஷயத்தைச் சொன்னேன்: இந்த வாக்கியம் இரு பொருளையும் தாங்கும், அவரையே கேட்டுவிடுங்கள் என்று. நீதிபதி கேட்டார். அதற்கு அவர் கொடுத்த பதில்: “அதுதான் எனக்கும் தெரியவில்லை.”

தம்பி, நீ கேட்ட கேள்வி முழுவதும் அந்த மூன்று அடிகளுக்குள் இருக்கிறது. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவே, ஒரு பாராங் சிமெண்ட் தரையில் விழுகிற நேரத்துக்குள், அறம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போய்விடுகிறது.

நம் சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. 97-ஆவது பிரிவின்படி உன் உடம்பை மட்டுமல்ல, அடுத்தவர் உடம்பைக் காக்கவும் உனக்கு உரிமை உண்டு. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் அந்த உரிமை எதிரியின் மரணம் வரைக்கும் நீளும் என்பது 100. அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்கும், அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும் என்பது 102. தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்று 99 கட்டிப்போடுகிறது. நல்லெண்ணத்தோடு தற்காப்பில் இறங்கி, முன்திட்டம் இல்லாமல் எல்லை மீறிவிட்டவனுக்கு, அதைக் கொலைக்குற்றம் என்று சொல்லாமல் அதற்குக் கீழான குற்றமாக எடுத்துக்கொள்ள 300-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. அந்தத் தகப்பனுக்குக் கிடைத்தது அதுதான். தூக்கு இல்லை, எட்டு வருடச் சிறை.

தோட்டத்தில் பலபேர் கொதித்துப்போனார்கள். “பெற்ற மகளைக் காப்பாற்றினவனுக்கு ஜெயிலா?” என்று நீதிமன்ற வாசலிலேயே கத்தினார்கள். எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. இன்று அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். முதல் அடிக்காக ஒரு நாள்கூட அவர் உள்ளே இருந்திருக்கக் கூடாது; மற்ற இரண்டுக்கும் யாராவது ஒருவர் கணக்குக் கேட்டே ஆகவேண்டும். செத்தவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். தினமும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

இப்போது குறளுக்கு வருகிறேன்.

‘தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை’ என்பது கொல்லாமை அதிகாரத்தில், துறவறவியலில் வருகிறது. ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்பது செங்கோன்மையில், பொருட்பாலில் வருகிறது. ஒன்று துறவிக்குச் சொன்னது, மற்றது அரசனுக்குச் சொன்னது என்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சமாதானம் சொல்வார்கள். நீயும் கேட்டிருப்பாய். தவறில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் துறவியும் இல்லை, அரசனும் இல்லை. லயத்து வீட்டில் பலகைக் கதவுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு வள்ளுவர் என்ன சொல்கிறார்?

முதல் குறளை மெதுவாகப் படித்துப் பார். ‘தன்னுயிர் நீப்பினும்’ என்கிறார். தன் உயிர் போனாலும் சரி, கொல்லாதே. அது என் உயிர். அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை உண்டு. கதவுக்கு உள்ளே இருக்கிற மகளின் உயிரையும் குழந்தையின் உயிரையும் விட்டுக்கொடுக்க எனக்கு ஏது உரிமை? அதைப் பற்றி அந்தக் குறள் வாய் திறக்கவில்லை. இது என் வாசிப்பு. உரையாசிரியர் யாரும் சொன்னதாகச் சொல்லிப் பட்டிமன்றத்தில் மாட்டிக்கொள்ளாதே. கொல்ல வருகிறவனிடம் தன் கழுத்தை நீட்டுகிறவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அடுத்தவர் கழுத்தை நீட்டிவிட்டு அகிம்சை என்று சொல்கிறவரைக் கும்பிட மாட்டேன்.

காந்தியையே எடுத்துக்கொள். அவர் பெயரில் தமிழ்ப்பள்ளி வைத்திருக்கிற ஊர் நம் சுங்கை சிப்புட். 1926-இல் அவர் எழுதினார்: வெறிபிடித்த ஒருவன் வாளோடு எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டிக்கொண்டு ஓடுகிறான், அவனை உயிரோடு பிடிக்க யாருக்கும் துணிவில்லை என்றால், அவனைக் கொன்று நிறுத்துகிறவர் சமூகத்தின் நன்றிக்கு உரியவர் என்று. அப்படி ஓடுகிறவனைக் குறிக்க ஆங்கிலத்தில் அவர் கையாண்ட சொல் நம் நாட்டு மலாய்ச் சொல்லான ‘அமோக்’கிலிருந்து போனது. அகிம்சையின் எல்லையைச் சொல்ல அவருக்குக் கிடைத்த உதாரணம் இந்த மண்ணின் சொல்லில் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

இரண்டாவது குறளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பரிமேலழகர் அதற்கு, அரசன் கொடியவரைக் கொலையால் ஒறுத்துத் தக்கோரைக் காப்பது உழவன் களை எடுப்பதைப் போன்றது என்று உரை சொல்கிறார். களை எடுக்கிற வேலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் அம்மா லாலாங் புல்லை வெட்டித்தான் எங்களைப் பள்ளிக்கு அனுப்பினார். எது களை, எது பயிர் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. புல் தன்னைப் புல் என்று காட்டிக்கொள்ளும். மனிதன் அப்படி அடையாளம் காட்டிக்கொண்டு வருவதில்லை. மதுரையில் கோவலனைக் களை என்று பாண்டியன் ஒரு பொற்கொல்லன் பேச்சை நம்பி முடிவுசெய்தான். தன் பிழை தெரிந்ததும் அரியணையிலிருந்து விழுந்து செத்தானே தவிர, பிடுங்கிய பயிரைத் திரும்ப நட அவனால் முடியவில்லை.

இந்த ஊருக்கே இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1948 ஜூன் 16 காலையில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் மூன்று பேர் சைக்கிளில் எல்பில் தோட்டத்துக்கு வந்து, அலுவலகத்தில் இருந்த வாக்கர் துரையைச் சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் மானேஜர் அலிசனையும், அவருடைய இளம் உதவியாளர் கிறிஸ்டியனையும் கட்டிப்போட்டுச் சுட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்ததுதான் 1960 வரை நீண்ட அவசரகாலம்.

துரைமார்கள் செய்த கொடுமைக்கு அது சரிதான் என்று சொல்கிற பெரியவர்களை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கொடுமை பொய்யில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கூலி கேட்டவர்கள் மரியாதையையும் சேர்த்துக் கேட்டார்கள். பதிலாகப் பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தை நினைத்தால் எனக்கு ரத்தம் சூடாகும். அப்படியிருந்தும், கட்டப்பட்ட கையோடு உட்கார்ந்திருக்கிற ஒருவனைச் சுடுவதற்கு அந்தச் சூடு போதாது. அந்த நொடியில் அவன் யாரையும் கொல்ல வரவில்லை.

மறு பக்கத்தையும் பார். அதே ஆண்டு டிசம்பரில், சிலாங்கூரில் பத்தாங் காலிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் பட்டாளம் புகுந்தது. ஆண்களைப் பெண்களிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் பிரித்துக் கொங்சியில், தொழிலாளர் தங்கும் கொட்டகையில், இரவு முழுவதும் அடைத்து வைத்தார்கள். 24 பேர் கொல்லப்பட்டார்கள். எவரிடமும் ஆயுதம் இல்லை. தப்பி ஓடப் பார்த்தார்கள், சுட்டோம் என்பது அதிகாரப்பூர்வமான கதை. 1970-இல் அந்தப் படையிலிருந்த சிலரே அது பொய் என்று சொன்னார்கள். விசாரணை தொடங்கி அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்தார் லண்டன் வரை போய்ப் போராடியும், 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் புதிய பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டது. ஒரு தரப்பார் புரட்சி என்றார்கள், மற்றத் தரப்பார் ஒழுங்கு என்றார்கள். இரு தரப்பாரும் செய்தது கையில் சிக்கியவனைக் கொன்றது.

போரைப் பற்றித் தனியாக நான் எழுதவில்லை; போருக்கும் இதே அளவுகோல்தான். எதிரே துப்பாக்கியோடு வருகிற சிப்பாய் வேறு, கை தூக்கிவிட்ட கைதி வேறு. மீளாத நோயில் துடிக்கிறவரின் உயிரை விடுவிப்பதும் நீ கேட்டதில் சேராது. அங்கே கேள்வி பகையைப் பற்றியதல்ல, வலியைப் பற்றியது. இன்னொரு நாள் பேசலாம்.

தூக்குத் தண்டனையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ஒரு வழக்கில் நீதிபதி மரண தண்டனையை வாசித்தார். ‘உயிர் பிரியும்வரை கழுத்தில் கயிறிட்டுத் தூக்கிலிட’ என்று நான் அதைத் தமிழில் சொன்னேன். என்னிலும் இளையவன் அவன். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டான்: “இன்றைக்கேவா அண்ணே?” மேல்முறையீடு, மன்னிப்பு மனு, இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. வெளியே கொண்டுபோய் உடனே முடித்துவிடுவார்கள் என்று நினைத்துவிட்டான். இல்லையப்பா, இன்றைக்கில்லை என்றேன். அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அவன் செய்தது கொடுமையான கொலை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று கூண்டில் நின்றவன் கையில் விலங்கு. இரு பக்கமும் காவலர்கள். அவனால் எவருக்கும் ஆபத்தில்லை.

அவசரகாலத்தில் ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் கணபதி துப்பாக்கி வைத்திருந்ததற்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசாங்கம் கேட்டுக்கொண்டும் பயனில்லை. அதே காலத்தில் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழருக்கும் அதே மாதிரிக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய மேல்முறையீடு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து ஏற்கெனவே விடுதலையானவரை, அந்தத் தோட்டாவும் தன்னிடம் இருந்ததாகச் சொல்லும் வாக்குமூலத்தைக் காட்டியே துப்பாக்கிக் குற்றத்தில் தண்டித்தது செல்லாது என்று 1950-இல் தண்டனையை நீக்கிவிட்டார்கள். காமன்வெல்த் நாடுகளில் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். கயிற்றுக்கும் அவர் கழுத்துக்கும் நடுவே நின்றது சட்டத்தின் ஒரு நுணுக்கம். அதைக் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் கிடைத்ததால் அவர் பிழைத்தார்.

2023 ஜூலை 4 முதல் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை இல்லை. கொலைக்கும்கூட நீதிபதி விரும்பினால் தூக்குக்குப் பதிலாக 30 முதல் 40 வருடம் வரை சிறை கொடுக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய வழி பிறந்தது. இது அந்தப் பையன் காலத்தில் வந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குப் பேப்பரைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின ஆண்டு ஏப்ரல் 27-இல்தான் ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கத்தைச் சிங்கப்பூரில் தூக்கிலிட்டார்கள். 42.72 கிராம் ஹெராயின். அறிவுத்திறன் அளவு 69 என்று கண்டறியப்பட்டவர். பதின்மூன்று வருடமாகப் பூட்டிய அறைக்குள் இருந்த ஒருவரை எந்த ஆபத்திலிருந்து ஊரைக் காக்கக் கொன்றார்கள் என்பதற்கு எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

‘உன் வீட்டுப் பிள்ளையைக் கொன்றிருந்தால் இப்படிப் பேசுவாயா?’ என்று மேடையில் உன்னை மடக்குவார்கள். பேச மாட்டேன், அன்றைக்கு எனக்கும் கை நிற்காது. அதனால்தான் அந்த முடிவு என் கையில் இருக்கக் கூடாது என்கிறேன். அதையே மேடையில் ஒளிக்காமல் சொல்.

அந்தத் தகப்பன் தண்டனைக் கழிவு போகச் சிறையிலிருந்து வந்துவிட்டார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தை இடித்துவிட்டதால் டவுன் ஓரத்து மலிவு வீட்டில் மகளோடு இருக்கிறார். அன்று கதவுக்குப் பின்னால் இருந்த கைக்குழந்தை ஐந்தாம் படிவத்துக்கு வந்த வருடம், என் அப்பா எப்படி இறந்தார் என்று அவரிடம் கேட்டுவிட்டாள். அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். “நீங்கள்தான் வார்த்தை தெரிந்தவர். என்ன சொல்லட்டும்?” என்றார். முதல் அடியை மட்டும் சொன்னால் போதுமே, அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று என் நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் கோயிலில் பார்த்தபோது கேட்டேன். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்று அடியையும் சொன்னதாகச் சொன்னார்.